‘ரெரா அப்ளைடு’ என்றால் ரெரா இல்லை என்று அர்த்தம்

மனை விளம்பரத்தை நம்பி முன்பணம் கட்டிவிட்டு மனு எழுத வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, “அந்த விளம்பரம் கையில் இருக்கா?” என்றுதான். பெரும்பாலும் இருக்காது. பேஸ்புக் பதிவை நீக்கியிருப்பார்கள். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வந்ததோ மறுநாளே மறைந்திருக்கும். மிஞ்சுவது ஒரு ரசீது. அதிலும் பாதிப் பேரிடம் ஜிபே ஸ்கிரீன்ஷாட் மட்டும்தான்.

2016-ல் வந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தைத்தான் ரெரா என்கிறோம். தமிழ்நாட்டில் இதற்கான விதிகள் 2017 ஜூனில் வந்தன. பதிவு எண் வாங்காமல் மனையையோ ஃப்ளாட்டையோ விளம்பரம் செய்யக்கூடாது, முன்பதிவு வாங்கக்கூடாது, விற்கக்கூடாது என்கிறது 3-ஆம் பிரிவு. விளம்பரத்தில் அந்த எண்ணும், அதைத் தரும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் இணையதள முகவரியும் பளிச்சென்று தெரிய வேண்டும். எந்த ஊடகத்தில் வந்தாலும் விளம்பரம் விளம்பரம்தான். ரீல்ஸும் வாட்ஸ்அப் ஃபார்வர்டும் இதில் அடக்கம்.

ஆகவே “ரெரா அப்ளைடு” (பதிவுக்கு விண்ணப்பித்திருக்கிறோம்), “ப்ரீ-லான்ச் ஆஃபர்” என்று போடுகிறவர், எண் இல்லாமல் விற்கிறேன் என்று தானே எழுதிக் கொடுக்கிறார். உடனே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். தேதி, பக்கத்தின் பெயர், இணைப்பு மூன்றும் தெரிய வேண்டும்.

எண் போட்டிருந்தாலும் அதோடு விட்டுவிட முடியாது. பக்கத்துத் திட்டத்தின் எண்ணையோ, முதல் கட்டத்துக்கு வாங்கிய எண்ணையோ இரண்டாம் கட்ட விளம்பரத்தில் ஒட்டிவிடுகிறார்கள். ஆணையத்தின் தளத்தில் அந்த எண்ணைத் தேடி, விற்பவர் பெயர், கிராமம், சர்வே எண், பதிவு எதுவரை செல்லும் என்பதைப் பாருங்கள். சர்வே எண்ணை அவர்கள் காட்டும் தாய்ப்பத்திரத்தோடு ஒப்பிடுங்கள். ஓர் இலக்கம் வேறாக இருந்தால் “டைப்பிங் மிஸ்டேக் சார்” என்பார்கள். திருத்திய பிறகு கூப்பிடச் சொல்லுங்கள்.

மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்பு இயக்ககம் தரும் டிடிசிபி அனுமதி வேறு, ரெரா பதிவு வேறு. ஒன்றைக் காட்டி மற்றதை மறைப்பது வாடிக்கை. “பஞ்சாயத்து அப்ரூவ்டு” அதைவிட மோசம். மனைப்பிரிவுக்கு அனுமதி தரும் அதிகாரம் ஊராட்சித் தலைவரிடம் இல்லை. அப்படி வாங்கிய மனையோடு சார்பதிவாளர் அலுவலகம் போனால், அனுமதியில்லாத மனையைப் பதியக்கூடாது என்கிற பதிவுச் சட்டம் 22-ஏ பிரிவைச் சொல்லித் திருப்பி அனுப்புவார்கள். முழுப் பணமும் கொடுத்து முடித்த பிறகுதான் பலருக்கு அந்தப் பிரிவே தெரிய வருகிறது.

ரெரா சட்டத்தில் ஒரு ஓட்டையும் உண்டு. 500 சதுர மீட்டருக்கு, அதாவது சுமார் இரண்டேகால் கிரவுண்டுக்கு, மேற்படாத நிலத்துக்கும் 8 வீடுகளுக்கு மேற்படாத கட்டடத்துக்கும் பதிவு கட்டாயமில்லை. ஒரே நிலத்தைத் துண்டு துண்டாகக் காட்டி “எங்களுக்கு ரெரா தேவையே இல்லை” என்கிறவர்கள் இருக்கிறார்கள். எல்லாக் கட்டங்களையும் சேர்த்துத்தான் கணக்கு என்று சட்டம் சொல்கிறது, அவர்கள் சொல்வதில்லை. தனிநபர் தன் பழைய வீட்டை ஆன்லைனில் விற்பதும் ரெராவுக்குள் வராது. அங்கே உங்களைக் காப்பது வில்லங்கச் சான்றும் வக்கீலும்தான்.

பணம் கொடுக்கும்போது நினைவில் வைக்க வேண்டியது 13-ஆம் பிரிவு. எழுத்துப்பூர்வமாக ஒப்பந்தம் போட்டு அதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவும் செய்யாமல், விலையில் 10 சதவீதத்துக்கு மேல் விற்பவர்கள் வாங்கக்கூடாது. 20 ரூபாய் பத்திரத்தில் கையெழுத்து வாங்கித் தருவது பதிவு ஆகாது. மார்க்கெட்டிங் பையனின் செல் நம்பருக்குப் பணம் அனுப்பாதீர்கள். நாளை நிறுவனம் “அவர் வேலையை விட்டுப் போய்விட்டார்” என்று கைவிரிக்கும். ரெரா பதிவு யார் பெயரில் இருக்கிறதோ அவர் கணக்குக்கே அனுப்புங்கள். பதிவான திட்டத்தை விற்றுத்தரும் ஏஜென்டுக்கும் தனிப் பதிவு எண் இருக்க வேண்டும். கேட்டால் முகம் சுருங்கும், பரவாயில்லை.

ஏமாந்தாகிவிட்டதா? பொய் விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டியவர் விலகிக்கொள்ள நினைத்தால், கட்டிய பணம் முழுவதையும் வட்டியோடும் இழப்பீட்டோடும் திருப்பித் தர வேண்டும் என்கிறது 12-ஆம் பிரிவு. காவல் நிலையத்தில் “இது சிவில் மேட்டர்” என்பார்கள். அங்கே மாதக்கணக்கில் நடந்து தேயாதீர்கள்.

ஆணையத்துக்குப் போகும்போதும் ஒரு சிக்கல் காத்திருக்கிறது. பணமும் வட்டியும் திரும்ப வேண்டும் என்றால் படிவம் ‘எம்’, இழப்பீடு வேண்டும் என்றால் தீர்ப்பு அலுவலர் முன் படிவம் ‘என்’. இரண்டையும் ஒரே மனுவில் குழைத்து எழுதினால் இழுத்தடிப்புதான். திட்டமே பதிவாகவில்லை என்றால் தயங்க வேண்டாம். பதிவு செய்ய வேண்டியதைச் செய்யாமல் விற்றதே மீறல்தான், திட்டச் செலவில் 10 சதவீதம் வரை அபராதம் போகும். அதையே புகாரின் முதல் வரியாக எழுதுங்கள். 60 நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. அதை நம்பி வீட்டுக்கடன் கணக்குப் போடாதீர்கள்.

“அப்பீல் போவோம்” என்று மிரட்டினால், போகட்டும். உங்களுக்குத் தரவேண்டிய தொகை முழுவதையும் முதலில் கட்டினால்தான் விற்பவரின் மேல்முறையீட்டை விசாரிப்பார்கள்.

உத்தரவு வந்தும் பணம் தராவிட்டால் நிலவரி பாக்கி போல வசூலிக்கலாம். ஆக, கோப்பு கலெக்டர் அலுவலகத்துக்குப் போகும், அங்கிருந்து தாலுகாவுக்கு. நடுவில் எங்கோ உட்கார்ந்துவிடும். “மேலிருந்து வரலை” என்று தாலுகாவிலும், “கீழே அனுப்பியாச்சு” என்று மேலேயும் சொல்வார்கள். வாய்வார்த்தையை நம்பித் திரும்பி வராமல், எந்தத் தேதியில் எந்த எண்ணில் தாலுகாவுக்கு அனுப்பினார்கள் என்பதைக் குறித்து வாங்குங்கள். தரமாட்டேன் என்றால் அந்த இரண்டை மட்டும் கேட்டுத் தகவல் உரிமை மனு போடுங்கள்.