மே மாதத்தில் தேங்காய்ச் சட்னி அனுப்புகிறவர்களுக்கு

ஏப்ரல் பிறந்தால் போதும், டெல்லியில் வீட்டிலிருந்தே உணவு செய்து ஆன்லைனில் விற்கும் நம்மவர்கள் எனக்கு ஃபோன் செய்ய ஆரம்பித்துவிடுவார்கள். உணவு நுண்ணுயிரியல் படித்து, சிறு தயாரிப்பாளர்களுக்கு ஆலோசனை சொல்வது என் வேலை. வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "சாக்லேட் உருகிடுது, நெய் ஒழுகுது, என்ன செய்யலாம்?"

சாக்லேட்டில் உள்ள கோக்கோ வெண்ணெய் 34 டிகிரி வாக்கில் உருகும். மறுபடி இறுகும்போது மேலே வெள்ளையாகப் பூத்துவிடும். வாங்கினவர் பணத்தைத் திருப்பிக் கேட்பார், நஷ்டம்தான். ஆனால் அதைத் தின்று யாருக்கும் வாந்தி வராது. எனக்குப் பயமெல்லாம் தேங்காய்ச் சட்னியில்தான்.

போன மே மாதம் மயூர் விஹாரில் ஒரு மாமி வீட்டுக்குப் போயிருந்தேன். வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்து இட்லி மாவு விற்கிறார். கூடவே ஒரு சட்னி பாக்கெட்டும் உண்டு. சமையலறை பளிச்சென்று இருந்தது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தபோது சட்னி 4 டிகிரி. வெப்பத்தைப் பதிவு செய்யும் சின்ன டேட்டா லாகர் ஒன்றைப் பாக்கெட்டோடு ஒட்டி, துவாரகாவில் இருக்கும் என் தோழி வீட்டுக்கு அனுப்பச் சொன்னேன். உச்சி வெயில். பைக்கில் 1 மணி 20 நிமிடம். போய்ச் சேர்ந்தபோது 33 டிகிரி. தோழி பிரித்து முகர்ந்து பார்த்து, நன்றாகத்தான் இருக்கிறது என்றாள். "அப்புறம் என்னம்மா?" என்றார் மாமி.

கெட்ட வாடை வருவதற்கு ரொம்ப முன்பே ஆளைப் படுக்க வைக்கும் அளவுக்குக் கிருமி பெருகியிருக்கலாம். குளிர்ந்த உணவு 5 டிகிரிக்கு மேல் போகக் கூடாது, சூடான உணவு 60க்குக் கீழே வரக் கூடாது என்று மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ சொல்வது இதனால்தான். இட்லி மாவுக்கு அதன் புளிப்பே காவல். வெயில் பட்டால் பாக்கெட் உப்பும், மாவு புளித்துப் பொங்கும், வாங்கினவருக்குத் தெரிந்துவிடும். சட்னிக்கு அந்தக் காவலும் இல்லை, அடையாளமும் இல்லை.

"ஒரு கொதி விட்டுச் சாப்பிட்டால் போச்சு" என்பதை நம்பாதீர்கள். நம் கையிலிருந்து உணவுக்குப் போகும் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி விடும் நஞ்சு கொதித்தாலும் அழியாது. சோற்றில் வளரும் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வாந்தி வரவைக்கும் நஞ்சும் அப்படித்தான். தேங்காய் சாதம் கட்டி அனுப்புகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பார்சலில் ஜெல் பேக், அதாவது உறையவைத்த குளிர்ப் பை, வைக்கிறோமே என்பார்கள். ஜெல் பேக் இருக்கிற குளிரைக் கொஞ்ச நேரம் காக்கும். வெதுவெதுப்பான சட்னியைக் குளிரவைக்க அதை நம்பக் கூடாது. பண்டத்தை முதலில் ஃப்ரிட்ஜில் நன்றாகக் குளிரவிடுங்கள். ஜெல் பேக் ஒரு ராத்திரி முழுக்க ஃப்ரீசரில் உறையட்டும். குளிர்காற்று கீழே இறங்கும் என்பதால் தெர்மோகோல் பெட்டியில் அதை மேலே வையுங்கள். பலரும் அடியில் மட்டும் போடுகிறார்கள். காலி இடத்தைக் காகிதத்தால் அடைத்துவிடுங்கள். வெளியூர்ப் பார்சலை வெள்ளி, சனியில் அனுப்பவே வேண்டாம், ஞாயிறு முழுக்க ஏதாவது கிடங்கில் வெந்துகொண்டிருக்கும். இவ்வளவும் செய்துவிட்டு, முதல் பார்சலை லாகரோடு உங்களுக்குத் தெரிந்த ஒருவருக்கு அனுப்பிப் பாருங்கள். 5 டிகிரிக்கு மேல் காட்டினால் அந்தத் தூரத்துக்கு ஆர்டர் எடுக்காதீர்கள்.

மாமிக்கு மனசே இல்லை. அந்தச் சட்னிக்காகவே மாவு வாங்குகிறவர்கள் உண்டு. ஆனாலும் அன்று ராத்திரியே வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார்: மழை வரும்வரை சட்னி கிடையாது, மிளகாய்ப் பொடி உண்டு, மாவு காலை ஏழு மணிக்குள் மட்டும்.