திரும்பத் திரும்ப வரும் குடல்வால் அழற்சி: மெடிக்கல் எய்ட் மறுத்தால் என்ன செய்வது?

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் தெருவில் வசிக்கும் ஓர் அக்காவுக்கு ஓராண்டில் மூன்று முறை வலது அடிவயிற்றில் வலி வந்தது. மூன்று முறையும் ஆன்டிபயாட்டிக் மாத்திரையில் அடங்கியது. குடல்வாலை அகற்றிவிடலாம் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தபோது, அவருடைய மெடிக்கல் எய்ட், அதாவது உறுப்பினரின் மருத்துவச் செலவை ஏற்கும் திட்டம், அனுப்பிய பதிலில், "நாட்பட்ட நோய்ப் பட்டியலில் இது இல்லை" என்ற ஒரே வரிதான் இருந்தது.

அந்த வரி உண்மைதான், ஆனால் அவர் கேட்டது அதுவன்று. நீரிழிவு, ஆஸ்துமா போன்ற நோய்களுக்கான அந்தப் பட்டியலில் குடல்வால் அழற்சி என்றுமே இருந்ததில்லை. 1998ஆம் ஆண்டின் மருத்துவத் திட்டச் சட்டப்படி எல்லாத் திட்டங்களும் கொடுத்தே தீர வேண்டிய குறைந்தபட்சப் பலன்களில், அதாவது பிஎம்பியில், குடல்வால் அழற்சியும் அதற்கான அறுவைச் சிகிச்சையும் இருக்கின்றன. "நாட்பட்ட" என்ற ஒரு சொல்லே அக்காவின் தாளைத் தவறான மேசைக்குக் கொண்டுபோய்விட்டது.

ஆகவே மருத்துவரின் கடிதத்தில் முதலில் நோயைக் குறிக்கும் ஐசிடி-10 குறியீட்டைப் பாருங்கள். நாட்பட்ட, மீண்டும் வரும் குடல்வால் அழற்சிக்கு உரியது கே36 (K36); ஆர்10 (R10) என்று இருந்தால் அது வெறும் வயிற்றுவலி, அதை வைத்து பிஎம்பி கேட்க முடியாது. மாத்திரையே போதாதா என்று கேட்பவர்களிடம், ஆன்டிபயாட்டிக் மட்டும் பெற்றவர்களில் ஐந்தாண்டுக்குள் நூற்றுக்குச் சுமார் 39 பேருக்கு நோய் திரும்பியதை ஃபின்லாந்து ஆய்வு காட்டியிருக்கிறது என்று சொல்லுங்கள்.

பிஎம்பி செலவைத் திட்டத்திலுள்ள உங்கள் மருத்துவச் சேமிப்புக் கணக்கிலிருந்து எடுக்க விதிகள் இடம் தருவதில்லை. எடுத்திருந்தால் திருப்பிக் கேளுங்கள். திட்டம் குறித்துக் கொடுத்த மருத்துவமனையை விட்டு நீங்களாகவே வேறிடம் போனால் கைப்பணம் கட்ட நேரிடும். திட்டம் குறித்த மருத்துவமனையில் உரிய காலத்தில் இடம் கிடைக்காமல் வேறிடம் போக நேர்ந்தால் முழுச் செலவும் திட்டத்தையே சேரும்.

பலர் மாட்டிக்கொள்வது 90 நாள் கணக்கில்தான். எந்தத் திட்டத்திலும் இல்லாமல் அதற்கு மேல் இடைவெளி விட்டுச் சேர்ந்தால், ஏற்கெனவே சிகிச்சை பெற்ற நோய்க்கு 12 மாதம்வரை பிஎம்பியும் கிடைக்காமல் போகலாம். பழைய வலியை விண்ணப்பத்தில் மறைத்தால் உறுப்புரிமையே பறிபோகலாம். நாளொன்றுக்கு இவ்வளவு என்று பணம் தரும் மருத்துவமனைக் காப்பீடு மெடிக்கல் எய்ட் ஆகாது; அதற்கு இந்த உரிமைகள் எவையும் பொருந்தா.

மறுப்பை எழுத்தில் வாங்குங்கள், எழுத்திலேயே எதிர்த்து முறையிடுங்கள். பயனில்லை என்றால் இத்திட்டங்களைக் கண்காணிக்கும் மருத்துவத் திட்டங்கள் மன்றத்திடம் (Council for Medical Schemes) புகார் கொடுங்கள். கட்டணமில்லை, திட்டம் 30 நாளில் பதில் சொல்ல வேண்டும். ஆனால் காய்ச்சலோடு வலி வயிறெங்கும் பரவினால் எந்தக் கடிதத்துக்கும் காத்திருக்காதீர்கள். அவசரச் சிகிச்சையை யாருக்கும் மறுக்கக் கூடாது என்று அரசமைப்பின் 27(3)ஆம் பிரிவு சொல்கிறது, உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.