காற்று எந்த வாசல் வழியே நுழைகிறது?

செட்டிநாட்டுச் சமையலில் சேரும் அன்னாசிப்பூவின் எண்ணெயைக் காரைக்குடி ஆய்வகம் ஒன்றில் ஜிசி-எம்எஸ் கருவி (ஹீலியம் வாயு கலவையை நுண்குழல் வழியே சுமந்து சென்று பிரிக்க, முடிவிலுள்ள வெற்றிட அறையில் மூலக்கூறுகளை நிறைப்படி அளக்கும் கருவி) கொண்டு ஆராய்வதாக வைத்துக்கொள்வோம். அதன் மணத்துக்குக் காரணமான அனெத்தோல் 148 என்ற நிறை எண்ணில் தெளிவாக எழ வேண்டும். ஆனால் மாதிரியைச் செலுத்தும் முன்பே அடிக்கோடு, அதாவது மாதிரி இல்லாதபோது கருவி காட்டும் அளவு, உயர்ந்து நிற்கிறது. எங்கோ வெளிக்காற்று கசிகிறதோ என்ற ஐயம் எழுகிறது. இந்நிலையில் கைக்கு எட்டிய திருகுகளையெல்லாம் இறுக்கத் தொடங்குவது தவறு என்பேன். முதலில் 10 முதல் 50 வரையிலான நிறை எண்களைப் பார்க்க வேண்டும்.

18 நீராவி, 28 நைட்ரஜன், 32 ஆக்சிஜன், 40 ஆர்கான், 44 கார்பன் டை ஆக்சைடு. 28-உம் 32-உம் ஏறத்தாழ நான்குக்கு ஒன்று என்ற அளவில் சேர்ந்து நின்றால், வெளிக்காற்று உள்ளே கசிகிறது. 18 மட்டும் ஓங்கியிருந்தால், அண்மையில் திறந்து மூடிய வெற்றிட அறையின் சுவர்களில் ஒட்டிய ஈரமாக இருக்கலாம். சில மணி நேரம் பம்பு ஓடினால் அது இறங்கும். 28 மிகுந்து 32 மட்டும் காணாமல்போனால் ஐயம் ஹீலியம் சிலிண்டர் பக்கம் திரும்ப வேண்டும், ஏனெனில் வாயுக் குழாயிலுள்ள ஆக்சிஜன் வடிகட்டி ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு நைட்ரஜனை விட்டுவிடும். கசிவு வடிகட்டிக்கு முன்னால் இருக்கக்கூடும்.

முகப்பிலிருந்து பின்கட்டு வரை வாசல்கள் நேர்கோட்டில் அமைந்த செட்டிநாட்டு வீட்டில், காற்று எங்கிருந்து வருகிறதென்று அறியக் கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்திப் பார்ப்போம். இங்கும் அதே முறைதான். ஹீலியத்தின் ஓட்டத்தைக் கூட்டும்போது 28-உம் கூடினால், மாசு பெரும்பாலும் ஹீலியத்தோடு வருகிறது. கூடாவிட்டால் வெற்றிட அறையின் பக்கமே கசிவு. கருவியை ஆறவைத்து நிறுத்தி, நுண்குழலைக் கழற்றி, அறையின் வாயிலைத் துளையற்ற ஃபெரூலால் (இணைப்பில் இறுக்கி மூடும் சிறு வளையம்) அடைத்து மீண்டும் வெற்றிடமாக்கினால் ஐயம் தீரும்: 28 இறங்கினால் குறை முன்பகுதியில், இறங்காவிட்டால் அறையிலேயே.

பகுதி தெரிந்தபின், அறையை ஒட்டிய இணைப்புகளின்மேல் ஆர்கானைச் சிறிது சிறிதாக ஊதியபடி 40-ஐக் கவனிக்கலாம். கசியும் இடத்தில் அது சட்டென்று எழும். பெரும்பாலும் அகப்படுவது குழல் அறைக்குள் நுழையும் இடத்திலுள்ள ஃபெரூல்தான். பாலிஇமைடு என்ற நெகிழி கலந்த ஃபெரூல் முதல் சில சூடேற்றங்களில் சுருங்கித் தளர்வதால், புதிதாகப் பொருத்தியபின் குழலைச் சூடேற்றும் அடுப்பை ஆறவிட்டு மீண்டும் கால் சுற்றுக்குள் இறுக்கினால் போதும். அதற்குமேல் இறுக்கினால் ஃபெரூல் நசுங்கும், சில வேளை குழலே முறியும்.