வட்டத்தின் ஓரத்தில் இருக்கிறது பூஞ்சை

குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: “இடுப்பில் வட்டமாகத் தடித்திருக்கிறது. டாக்டர் சீட்டில் ‘ஆன்யுலர்’ என்று எழுதியிருக்கிறார். வட்டம் என்று எழுதினால் போதாதா?”

போதாது. மருத்துவத்தில் வட்டங்கள் பல. ஓரம் மட்டும் தடித்து நடு தெளிந்திருந்தால் ஆன்யுலர், லத்தீனில் மோதிரம். நடுவும் நிறைந்து காசு போல இருந்தால் நம்யுலர். அதற்கு மூலம் சிறுகாசு என்ற சொல். சிறுநீரகத்தில் இரத்தத்தை வடிகட்டும் குளோமெருலஸ், நூல் உருண்டை என்ற பொருளில் வந்த பெயர். மண்டையோட்டில் ‘ரொட்டண்டம்’ என்றே ஒரு வட்டத்துளை உண்டு.

இவற்றில் என்னை மயக்குவது மோதிரம்தான். மோதிரம் போல வரும் ஒரு பூஞ்சை நோயை நாம் படர்தாமரை என்கிறோம், மலையாளத்தில் வட்டச்சொறி. இரண்டு பருவமழையும் பெய்யும் நம் குமரி மாவட்டத்தில், வியர்வையும் ஈரத்துணியுமாக வேலை செய்பவர்களுக்கு அடிக்கடி வரும்.

ஒரு புள்ளியில் இறங்கும் பூஞ்சை, தோலின் மேலடுக்கில் உள்ள கெரட்டின் என்ற புரதத்தைத் தின்று வளர்கிறது. எல்லாத் திசையிலும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் இழை நீட்டுவதால் வட்டம் பிறக்கிறது. சரி, நடு ஏன் ஆறுகிறது? காய்ந்த புல்லில் ஒரு பொறி விழுந்தால் தீ வளையமாக வெளியே நகருமே, அதுபோலத்தான். முதலில் பிடித்த இடத்தில் உடலின் எதிர்ப்பு முந்திக்கொள்கிறது, பூஞ்சை ஏறிய தோலும் செதிலாக உதிர்கிறது. தீ விட்டுச் செல்வது கரி. இங்கே மிஞ்சுவது ஆறிய தோல். பூஞ்சைக்கும் உடலுக்கும் சண்டை நடப்பது ஓரத்தில். சிவப்பும் அரிப்பும் அங்கேதான். அதனால்தான் பரிசோதனைக்கு நடுவை விட்டு ஓரத்தைச் சுரண்டி எடுக்கிறார்கள். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் செதில் கரைந்ததும் நுண்ணோக்கியில் இழைகள் தெரியும்.

விஷக்கடி என்று மந்திரித்துக் காலம் கடத்துவதைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. அதைவிடக் கோபம், ஸ்டீராய்டு கலந்த களிம்பைச் சீட்டில்லாமல் விற்பதில். அது சிவப்பை அடக்கும், கூடவே எதிர்ப்பையும் அடக்கும். மோதிர வடிவம் கலைந்துபோய், டாக்டருக்கே அடையாளம் தெரியாமல் பூஞ்சை பரவும்.

எல்லா மோதிரமும் படர்தாமரை அல்ல. தொட்டால் உணர்ச்சி குறைந்திருந்தால் தொழுநோயாக இருக்கலாம். அதற்கு அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம்.

உங்களுக்குப் பூஞ்சைக் களிம்பு தந்திருந்தால், அதை வளையத்துக்கு வெளியே 2 சென்டிமீட்டர் வரை சேர்த்துப் பூசுங்கள். இழைகள் கண்ணுக்குத் தெரியும் ஓரத்தைத் தாண்டிப் போயிருக்கும்.