வைத்தியசாலையில் பொருள் களவு போனால்: ‘தொலைந்தது’ என்று எழுத விடாதீர்கள்

பித்தப்பைக் கல்லுக்காக அம்மாவை வார்ட்டில் சேர்த்திருந்தோம். ஒப்பரேஷனுக்கு முதல் நாள் இரவு மிஸ்ஸி (தாதி) வந்து, தோடு, மூக்குத்தி, தாலிக்கொடி எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார். வீட்டு ஆட்கள் யாரும் அப்போது பக்கத்தில் இல்லை. அம்மா அவற்றைக் கழற்றிக் கைலேஞ்சியில் முடிந்து, ஷொப்பிங் பேக்கின் அடியில் போட்டு, தலைமாட்டு லொக்கரில் வைத்துவிட்டார். அந்த லொக்கருக்குப் பூட்டு இல்லை. மறுநாள் பின்னேரம் மயக்கம் தெளிந்து பார்த்தபோது பேக் இருந்தது. சீப்பு இருந்தது, கிளினிக் கொப்பி இருந்தது. கைலேஞ்சி முடிச்சை மட்டும் காணவில்லை.

பொலிசுக்குப் போனேன். நடந்ததைத் தமிழில் சொன்னேன், அங்கிருந்த உத்தியோகத்தர் சிங்களத்தில் எழுதினார், கையொப்பம் போடச் சொன்ன இடத்தில் போட்டேன். இரண்டு கிழமை கழித்து, சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் பிரதியைக் காட்டியபோதுதான் விஷயம் தெரிந்தது. அதில் இருந்தது ‘நெத்தி உணா’. தொலைந்துவிட்டதாம். களவு என்ற சொல்லே எங்கும் இல்லை. யாரையும் கூப்பிட்டு விசாரிக்கவும் இல்லை. தாளின்படி விசாரிக்க ஒன்றும் நடக்கவில்லையே.

அந்த ஒரு சொல்லால் நாங்கள் இழந்தது கொஞ்சமல்ல. நுவரெலியா, டிக்கோயா, பதுளை, கண்டி என்று பெரிய ஆஸ்பத்திரிகளுக்குத் தோட்டத்திலிருந்து இறங்கி வருகிறவர்களுக்கு இது திரும்பத் திரும்ப நடக்கக் கூடியது. அதனால்தான் சட்டத்தில் நமக்கு என்ன இருக்கிறது, எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். அரசாங்க ஆஸ்பத்திரியில் களவு போன நகைக்கோ போனுக்கோ நட்டஈடு தரும் திட்டம் என்று தனியாக ஒன்று கிடையாது. நமக்கு இருப்பது முறைப்பாடு செய்யும் உரிமையும், அதை நம் மொழியில் செய்யும் உரிமையும், பொருள் பிடிபட்டால் நீதிமன்றம் வழியாகத் திரும்பப் பெறும் வழியும்தான். மூன்றுக்கும் அடிப்படை அந்த முதல் வாக்குமூலம்.

தொலைந்ததா, களவு போனதா

இரண்டுக்கும் பொலிசில் என்ட்ரி போடலாம். ஆனால் வேலை வேறு. அடையாள அட்டை பஸ்ஸில் விழுந்துவிட்டது என்றால் புதியதுக்கு விண்ணப்பிக்க ஒரு பிரதி வேண்டும், அவ்வளவுதான். அதற்குத் தொலைந்ததாக எழுதினால் போதும். வைத்த இடத்திலிருந்து ஒருவர் எடுத்துப் போய்விட்டார் என்றால் அது குற்றம். இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 366ஆம் பிரிவு களவு என்றால் என்ன என்று சொல்கிறது. 367ஆம் பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறையோ, தண்டப்பணமோ, இரண்டுமோ கிடைக்கலாம். மனிதர் குடியிருக்கும் அல்லது பொருட்களைப் பாதுகாத்து வைக்கும் கட்டடத்துக்குள் நடந்த களவுக்கு 369ஆம் பிரிவு உண்டு. அதில் 7 ஆண்டு வரை போகும். எந்தப் பிரிவு பொருந்தும் என்பதைப் பொலிசும் நீதிமன்றமும் பார்த்துக்கொள்ளும். நாம் கவனிக்க வேண்டியது, வாக்குமூலத்தில் ‘களவு’ என்ற சொல் இருக்கிறதா என்பதைத்தான்.

யார் எடுத்தார் என்று தெரியாவிட்டாலும் களவு களவுதான். “யார் மேலே சந்தேகம்?” என்று கேட்டால், தெரியாது என்றே சொல்லுங்கள். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர், கூட்டித் துடைக்க வந்தவர் என்று கோபத்தில் பெயர் சொல்லிவிட வேண்டாம். பார்த்ததை மட்டும் சொல்லுங்கள்: எத்தனை மணிக்கு எங்கே வைத்தோம், எத்தனை மணிக்கு இல்லை என்று கண்டோம், இடையில் யார் யார் வந்து போனார்கள். நகையானால் எத்தனை பவுன், என்ன வேலைப்பாடு, எந்த இடத்தில் ஒட்டுப் போட்டது என்று அடையாளம் சொல்லுங்கள். பழைய அடகுத் துண்டு வீட்டில் இருந்தால் அதில் நிறை எழுதியிருக்கும். கல்யாணப் போட்டோவில் அந்தச் சங்கிலி தெரியும். இரண்டும் பெரிய சாட்சி.

தமிழில் சொல்லும் உரிமை

1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையில் 109ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. மலையகத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். வாயால் சொல்லும் முறைப்பாட்டை, சொன்னவரின் மொழியிலேயே எழுதி, அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்கிறது அது. அந்த மொழியில் எழுத அந்த உத்தியோகத்தரால் முடியாவிட்டால், நம்மையே நம் மொழியில் எழுதித் தரும்படி அவர் கேட்க வேண்டும். நமக்கு எழுதத் தெரியாது என்று சொன்னால்தான் வேறு மொழிக்குப் போகலாம். அப்போதும் காரணத்தைப் பதிந்துவிட்டுத்தான் எழுத வேண்டும், எழுதியதை நமக்கு விளங்கும் மொழியில் சொல்லிக் காட்டவும் வேண்டும்.

அதனால் நான் சொல்லும் வழி இதுதான். வீட்டிலிருந்து புறப்படும் முன்பே ஒரு தாளில் தமிழில் எழுதிக்கொண்டு போங்கள். பெயர், முகவரி, வார்ட் எண், கட்டில் எண், திகதி, நேரம், பொருள், பெறுமதி, நடந்தது. வீட்டில் படிக்கிற பிள்ளையை விட்டு எழுதினாலும் சரி. இரண்டு பிரதி எழுதி, ஒன்றைக் கொடுத்து, மற்றதை வைத்துக்கொள்ளுங்கள். “நான் தமிழில் எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன் சேர், இதை எடுத்துக்கொள்ளுங்கள்” என்று மரியாதையாகச் சொன்னால் போதும். அவர்கள் சிங்களத்தில் எழுதினால், வாசித்து விளக்கச் சொல்லுங்கள். விளங்கும் வரை கையொப்பம் போடாதீர்கள். இதை மட்டும் நான் அன்றைக்குச் செய்திருந்தால் கதை வேறு.

அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையும் நம் பக்கம் நிற்கிறது. சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள பகுதியிலும் ஒருவர் அரச உத்தியோகத்தரோடு தமிழில் அலுவல் பார்க்கலாம், தமிழில் பதில் பெறலாம். தனக்கு வழங்கப்படும் ஆவணத்தின் தமிழ் மொழிபெயர்ப்பையும் கேட்டுப் பெறலாம். அதற்கு மேல், நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் பல பிரதேச செயலகப் பிரிவுகள் 1999இல் வர்த்தமானி மூலம் இருமொழிப் பிரிவுகளாகவே அறிவிக்கப்பட்டன. ஆகவே தமிழில் கேட்பது யாரிடமும் தயவு கேட்பதாகாது.

முறைப்பாடு முடிந்ததும் திகதியையும், புத்தகத்தின் பக்க எண்ணையும் பந்தி எண்ணையும் குறித்து வாங்குங்கள். அந்த எண் இல்லாமல் அடுத்த முறை போனால் “எந்த முறைப்பாடு?” என்பதிலேயே அரை நாள் போய்விடும். கட்டணம் கட்டிப் பிரதியும் எடுக்கலாம்.

எங்கே முதலில் சொல்வது

வார்ட்டில் பொறுப்பாக இருக்கும் மிஸ்ஸியிடம் உடனே. பெரிய ஆஸ்பத்திரிகளில் பொலிஸ் காவலரண் வளவுக்குள்ளேயே இருக்கும், அங்கே போகலாம். இல்லாவிட்டால் அந்தப் பகுதிப் பொலிஸ் நிலையம், அவசரமென்றால் 119. அதே நாளில் ஆஸ்பத்திரியின் பணிப்பாளருக்கோ, வைத்திய அத்தியட்சகருக்கோ, மாவட்ட வைத்திய அதிகாரிக்கோ ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள். கமரா இருந்தால் அந்த நேரத்துப் பதிவை அழியாமல் வைக்கச் சொல்லி அதில் எழுதுங்கள். பதிவு நாட்கணக்கில் மட்டுமே நிற்கும், புதியது பழையதின் மேல் ஏறிவிடும். கடிதம் ஒரு கிழமை பிந்தினால் கமரா இருந்தும் பயனில்லாமல் போகலாம்.

“உடைமைகளுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல” என்று பல வார்ட்டுகளில் பலகை மாட்டியிருக்கும். அதைப் பார்த்துவிட்டு நிறையப் பேர் பேசாமல் திரும்பிப் போய்விடுகிறார்கள். களவு நாட்டின் சட்டத்துக்கு எதிரான குற்றம். ஒரு பலகையால் அதை இல்லாமலாக்க முடியாது. பொலிசுக்குப் போவதை அது தடுக்கவும் முடியாது.

கையில் கொடுத்த பொருள் வேறு கதை. மயக்கமாகக் கொண்டுவரப்பட்டவரின் நகையையோ காசையோ ஊழியர் பொறுப்பெடுத்தால், என்னென்ன எடுத்தார்கள் என்று பட்டியல் போட்டு டிக்கட்டில் (வார்ட்டில் வைத்திருக்கும் நோயாளியின் பதிவுத் தாளில்) எழுதச் சொல்லுங்கள். டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது அந்தப் பட்டியலை வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்து வாங்குங்கள். எழுதிய மிஸ்ஸிக்கும் அது பாதுகாப்பு. இரவெல்லாம் நாற்பது நோயாளிகளைப் பார்த்துவிட்டுக் காலையில் சந்தேகத்துக்கு ஆளாவது அவருக்கும் கொடுமைதான். ஒப்பரேஷனுக்குப் போகிறவர் என்றால் நகையை முதல் நாளே வீட்டுக்கு அனுப்பிவிடுவது எல்லாவற்றையும் விட நல்லது. தாலியைக் கழற்ற மனம் வராத அம்மாமாருக்கு அதை முன்னதாகவே எடுத்துச் சொல்லி வைக்க வேண்டும். தியேட்டர் வாசலில் வைத்துச் சொன்னால் அவசரத்தில் எங்கே வைத்தோம் என்றே தெரியாமல் போகும்.

வேறொரு விதமும் இருக்கிறது. வெள்ளைச் சட்டையோ கழுத்தில் அட்டையோ போட்ட ஒருவர் வந்து, ஸ்கேனுக்குக் காசு கட்ட வேண்டும், நகையைக் கழற்றித் தாருங்கள், வெளியில் மருந்து வாங்கித் தருகிறேன் என்பார். அரசாங்க வார்ட்டில் எவரும் கட்டிலுக்கு வந்து கையில் காசு வாங்க வேண்டிய தேவையே இல்லை. கட்டண வார்ட்டில் கூடக் கவுண்டரில் கட்டிப் பற்றுச்சீட்டு எடுப்பதுதான் முறை. ஏமாற்றிப் பொருளை வாங்கிப் போவது தண்டனைச் சட்டக்கோவையின் 403ஆம் பிரிவில் வரும் மோசடி. அதற்கும் 7 ஆண்டு வரை சிறை உண்டு. “நாங்களாகத்தானே கொடுத்தோம்” என்று வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டியதில்லை.

போன், அடையாள அட்டை, கிளினிக் கொப்பி

போனுக்கு ஐ.எம்.ஈ.ஐ. எண், அதாவது ஒவ்வொரு போனுக்கும் தனியாக உள்ள எண், முக்கியம். இன்றைக்கே *#06# அழுத்திப் பார்த்து வீட்டுக் கலண்டரில் எழுதி வையுங்கள். போன் வாங்கிய பெட்டியிலும் இருக்கும். களவு போனால் சிம் கம்பனிக்குச் சொல்லி இணைப்பை நிறுத்துங்கள்; போனிலேயே காசு வைத்திருப்பவர்களும் வங்கிச் செயலி பாவிப்பவர்களும் வங்கிக்கும் அதே மணித்தியாலத்தில் சொல்ல வேண்டும். அப்புறம் அந்த எண்ணோடு முறைப்பாடு.

அடையாள அட்டை போனால் முறைப்பாட்டுப் பிரதியோடு கிராம உத்தியோகத்தரிடம் போய் ஆட்பதிவுத் திணைக்களத்துக்கு விண்ணப்பிக்கலாம். தோட்டத்தில் இருப்பவர்களுக்குத் தோட்ட அதிகாரியும் உறுதிப்படுத்தலாம். கிளினிக் கொப்பியோ டயக்னோசிஸ் கார்டோ போனால், வார்ட்டில் இருந்தபோது போட்ட டிக்கட் எண் தெரிந்தால் ஆஸ்பத்திரி ஆவண அறையில் விவரம் எடுக்க முடியும். அந்த எண்ணையும் எங்காவது எழுதி வையுங்கள்.

பொருள் பிடிபட்டால்

அடகுக் கடையிலோ வேறு ஆளிடமோ நகை கிடைத்தால் பொலிஸ் அதை நேரே கையில் தராது. நீதவான் நீதிமன்றத்துக்குச் சான்றுப்பொருளாகப் போகும். உரிமை உள்ளவரிடம் கொடுக்கும்படி நீதவான் கட்டளையிடலாம். அதைக் கேட்டு நாம் விண்ணப்பிக்க வேண்டும். அங்கேதான் அந்தப் போட்டோவும் அடகுத் துண்டும் பேசும். களவுப் பொருள் என்று தெரிந்தே வாங்கி வைத்திருப்பதும் 394ஆம் பிரிவின் கீழ் குற்றம்.

விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்று கேட்பதும் உரிமைதான். குற்றத்தால் பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்குமான 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் அதை ஏற்கிறது. முறைப்பாட்டை ஏற்க மறுத்தாலோ மாற்றி எழுதினாலோ, மேலிடத்துப் பொலிஸ் அத்தியட்சகருக்கும் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கும் எழுதலாம். மொழி மறுக்கப்பட்டால் அரச கரும மொழிகள் ஆணைக்குழு, மனித உரிமைகள் ஆணைக்குழு. எந்த அலுவலகம் எங்கே என்று தெரியாவிட்டால் அரசாங்கத் தகவல் நிலையத்தின் 1919ஐ அழையுங்கள், தமிழில் பேசலாம்.

ஆஸ்பத்திரியின் சொத்து களவு போனால்

பிரஷர் பார்க்கும் கருவி, ஒட்சிசன் மீட்டர், செப்புக் குழாய், பித்தளைப் பைப் வாய். இவை போனால் எந்த ஒருவரின் வீட்டிலும் பொருள் குறையாது, அதனால் யாரும் பேசுவதில்லை. ஆனால் இரவு 2 மணிக்குத் தோட்ட லொறியில் மூச்சுத்திணறலோடு ஒருவரைக் கொண்டுவரும்போது அந்தக் கருவி இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருக்கும். அவர் எங்கள் வீட்டு ஆளாகவும் இருக்கலாம்.

இதற்குச் சட்டம் இன்னும் கடுமை. 1982ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பொதுச் சொத்துக்களுக்கு எதிரான குற்றங்கள் சட்டத்தில் களவுக்குக் குறைந்தது ஓராண்டு சிறை. ஆயிரம் ரூபாய், பெறுமதியின் மூன்று மடங்கு, இரண்டில் எது கூடவோ அந்தத் தண்டமும் வரும். பெறுமதி சட்டம் சொல்லும் தொகைக்கு மேல் என்று உயர் பொலிஸ் அதிகாரி சான்று கொடுத்தால் பிணை கிடைப்பதும் கஷ்டம். ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்குள்ளே, அரசாங்க நிதிப் பிரமாணங்களின்படி (அரச பணம், சொத்து பற்றிய விதிகள்) இழப்பை உடனே அறிவிக்க வேண்டும்: 104ஆம் பிரமாணம் 7 நாளில் முதல் அறிக்கையும், 3 மாதத்தில் முழு அறிக்கையும் கேட்கிறது. கவனக்குறைவால் இழப்பு நேர்ந்தால் உத்தியோகத்தரே பொறுப்பு என்கிறது 102ஆம் பிரமாணம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வீடு போகும்போது வார்ட் போர்வையை மடித்துப் பேக்கில் வைப்பவர்கள் நம்மிலும் இருக்கிறார்கள். அதுவும் பொதுச் சொத்துத்தான். அடுத்த கட்டிலில் வருகிறவர் அந்தக் குளிரில் எதைப் போர்த்துவார்?

ஒரு கருவி போய், அதற்கு என்ன நடந்தது என்றே தெரியாவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஆஸ்பத்திரியின் தகவல் அலுவலரிடம் தமிழில் கேட்கலாம். எப்போது காணாமற்போனது, பொலிசில் சொன்னார்களா, 104ஆம் பிரமாண அறிக்கை போனதா என்று மூன்று கேள்வி போதும். காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், மேன்முறையீடு கேட்பதற்கென்று குறிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதற்கு மேல் தகவலறியும் உரிமை ஆணைக்குழு.

அம்மாவின் தாலிக்கொடி இன்னும் கிடைக்கவில்லை. ஆனால் போன மாதம் நான் திரும்பப் போய், தமிழில் எழுதிய இரண்டாவது வாக்குமூலத்தைக் கொடுத்தேன். இந்த முறை வாசித்துக் காட்டினார்கள். முதல் வரியிலேயே ‘களவு’ இருந்தது. அதற்குப் பிறகுதான் கையொப்பம் போட்டேன்.