மரத்தைச் சாய்க்காமல் ஒரு புற்றுநோய் மருந்து

குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டுகிறவர் பட்டையை மெல்லிய சீவலாகத்தான் எடுப்பார். கத்தி ஆழமாக இறங்கினால் மரம் கெடும். அளவாகச் சீவினால் சிரட்டையில் பால் சொட்டும், மரமும் பல ஆண்டு நிற்கும். புற்றுநோய் மருந்துகளுக்கு மூலமான காம்ப்டோதெசின் என்ற அல்கலாய்டை, அதாவது தாவரங்கள் உண்டாக்கும் ஒருவகை வேதிப்பொருளை, தரும் மரங்களுக்கு இந்த வசதி இல்லை. அது பட்டையிலும் வேரிலும் செறிந்திருப்பதால், பல நேரம் மரத்தையே வெட்டிச் சாய்க்கிறார்கள்.

மன்ரோ வால், மன்சுக் வாணி ஆகிய வேதியியலாளர்கள் 1966-இல் ஒரு சீன மரத்திலிருந்து இதைப் பிரித்தெடுத்த செய்தியை வெளியிட்டார்கள். டோபோடெகன், இரினோடெகன் ஆகிய புற்றுநோய் மருந்துகள் இதன் வழிவந்தவையே. செல் பிரிவதற்காக டிஎன்ஏ நகலாகும்போது, பிரிக்கப்படும் கயிறுபோல அதில் முறுக்கேறுகிறது. டோபோஐசோமரேஸ்-1 என்ற நொதி ஓர் இழையை வெட்டி, முறுக்கைத் தளர்த்தி, மறுபடி ஒட்டிவிடும். காம்ப்டோதெசின் அந்த வெட்டுவாயில் புகுந்து ஒட்டவிடாமல் தடுப்பதால், ஓயாமல் பிரியும் புற்றுசெல் மடிகிறது.

மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் நோத்தபோடைட்ஸ் என்ற சிறுமரத்திலும் இது இருப்பதை 1972-இல் அறிவித்தவர்கள் கோவிந்தாச்சாரியும் விசுவநாதனும். முன்னவர் சென்னை மாநிலக் கல்லூரி முதல்வராக இருந்தவர். கண்டுபிடிப்பு மரத்துக்கு நன்மையாக முடியவில்லை. ஏற்றுமதிக்காக அது பெருமளவில் வெட்டப்பட்டது.

ஆகவே தேடல் செடிகளின் பக்கம் திரும்பியது. காப்பிக் குடும்பத்தைச் சேர்ந்த கீரிப்பூண்டு இதே மலைகளின் ஈரக்காடுகளில் வளர்வது. பாம்புடன் பொருதும் கீரி இதைத் தின்னும் என்ற நம்பிக்கையால் வந்த பெயர். நோத்தபோடைட்ஸுக்கு நெருங்கிய உறவில்லாத இச்செடியிலும் காம்ப்டோதெசின் உண்டு. இதில் கிடைக்கும் அளவு குறைவுதான். ஆனால் நட்டு வளர்த்து அறுக்கலாம், வேரை மட்டும் ஆய்வகத்தில் திசுவாகவும் வளர்க்கலாம். என் கணக்கில் கிடைக்கும் அளவைவிட இதுவே பெரிது.

இலைத்தூளை மெத்தனாலில் ஊறவைத்து, சாற்றில் ஒரு சொட்டைச் சிலிக்கா பூசிய தகட்டில் வைத்துப் பிரித்தால், புறஊதா ஒளியில் காம்ப்டோதெசின் நீலமாக ஒளிரும். வேறு பொருள்களும் நீலமாக ஒளிரக்கூடும் என்பதால், மூலக்கூற்று எடை 348 தானா என்று நிறைமாலைமானியில் சரிபார்த்த பிறகே பெயர் சொல்வார்கள்.

செல்லைக் கொல்லும் இந்த நஞ்சு, அதைச் சுமக்கும் செடியையே கொல்லாதா? சீன மரத்திலும் கீரிப்பூண்டின் பேரினத்தைச் சேர்ந்த சில செடிகளிலும் டோபோஐசோமரேஸ் நொதியின் ஓர் அமினோ அமிலம் மாறியிருப்பதை 2008-இல் கண்டார்கள். அந்த மாற்றத்தால் நஞ்சு அவற்றின் நொதியில் பிடிப்பதில்லை. ஒரு செடி இந்த நஞ்சைச் சுமக்கிறதா என்று ஊகிக்க, பட்டையைத் தொடாமல், ஒரு துண்டு இலையின் மரபணுவைப் படிப்பதும் இனி ஒரு வழி.