இடப்பெயர்ச்சி: எந்தப் பக்கம், எவ்வளவு தள்ளி?

“சார், செசாரான் மைனஸ்ல வந்தா, நடந்தது குறைஞ்சு போச்சுன்னு அர்த்தமா?”

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என்னிடம் டியூஷனுக்கு வரும் நான்காம் படிவ மாணவி கேட்டது இது. தமிழ்ப்பள்ளியில் அறிவியலைத் தமிழில் படித்த பிள்ளை. இடைநிலைப்பள்ளியில் ஜாராக், செசாரான் என்று மலாயில் வந்ததும் சொல் மனப்பாடமாகிறது, பொருள் பிடிபடுவதில்லை.

ஜாராக் என்பது தூரம். செசாரானுக்குத் தமிழ், இடப்பெயர்ச்சி. பெயர்தல் என்றால் இருந்த நிலையிலிருந்து மாறுதல், நகர்தல். சங்கப் பாடல்களில் வரும் ‘மொழிபெயர் தேயம்’ மொழி மாறுகிற நாடு. கோயிலில் சனிப்பெயர்ச்சி என்கிறோமே, அதே பெயர்ச்சிதான்: எங்கிருந்து எங்கே போனது என்பதே கேள்வி. இயற்பியலிலும் தொடங்கிய இடத்திலிருந்து முடிந்த இடம் நேர்கோட்டில் எவ்வளவு தள்ளி, எந்தத் திசையில் என்பதுதான் இடப்பெயர்ச்சி.

ஆங்கிலத்தில் டிஸ்ப்ளேஸ்மென்ட் என்ற ஒரே சொல், வீடிழந்து போகும் மக்களுக்கும் வரும். பெரிய ரப்பர் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடலைப் பார்த்த ஊர்க்காரர்களுக்கு அந்த வலி தெரியும். இவ்வூரில் பிறந்த அரசியல் தலைவர் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதே அதைத் தடுக்கத்தான். மக்கள் போவதை இடப்பெயர்வு என்றும் பொருள் நகர்வதை இடப்பெயர்ச்சி என்றும் பிரித்துச் சொல்வதே எனக்குச் சரியாகப் படுகிறது.

சரி, மைனஸுக்கு வருவோம். அவள் குடியிருக்கும் தோட்டத்தின் நேரான செம்மண் சாலையையே படமாகப் போட்டேன். நடுவில் லயம், அதாவது தொழிலாளர் வீட்டு வரிசை. ஒரு பக்கம் 200 மீட்டரில் ரப்பர் பால் சேர்க்கும் ஸ்டோர், மறுபக்கம் 300 மீட்டரில் மாரியம்மன் கோயில். ஸ்டோர் பக்கத்தை நேர்க்குறியாக வைத்துக்கொண்டோம்.

லயத்திலிருந்து ஸ்டோருக்குப் போனால் +200. அங்கிருந்து 100 மீட்டர் திரும்பி நடந்தால்? “மைனஸ் 100” என்றாள். இல்லை, லயத்திலிருந்து கணக்கிட்டால் +100. திரும்பி நடந்தாலும் இன்னும் ஸ்டோர் பக்கம்தானே நிற்கிறாள்! லயத்தைத் தாண்டிக் கோயிலை அடைந்தால்தான் −300, எதிர்க்குறி. அது குறைவைச் சொல்லவில்லை, பக்கத்தைச் சொல்கிறது. அப்புறம் லயத்துக்கே வந்துவிட்டால் இடப்பெயர்ச்சி சுழியம். நடந்த தூரமோ 1,000 மீட்டர்.

“அப்போ அம்மா விடியக்காலையில பெரட்டுக்குப் போயி, நிரையெல்லாம் வெட்டிட்டு வீட்டுக்கு வந்தா, அதுவும் சுழியமா?”

பெரட்டு என்பது வேலைக்கு முன் பெயர் கூப்பிடும் இடம்; நிரை, பால் வெட்டும் மர வரிசை. ஆமாம், வீட்டிலிருந்து வீடு வரை கணக்கிட்டால் சுழியம்தான். அம்மாவின் கால் வலி தூரத்தின் கணக்கில் வரும்.

கொஞ்ச நேரம் படத்தையே பார்த்தவள், “கோயில் பக்கத்த பிளஸ்னு வச்சா?” என்றாள். தாராளமாக வைக்கலாம். கோயில் +300, ஸ்டோர் −200 ஆகிவிடும். எது நேர்க்குறி என்பதைக் கணக்கின் முதல் வரியிலேயே எழுதிவிட வேண்டும், நடுவில் மாற்றக் கூடாது.